பெரியம்மா ஓட்டிய வண்டிகள்

பெரியம்மா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றைத்தான் சொன்னார்கள். யார் மனசும் நோகப் பேசத் தெரியாதவர், பூமிக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்து நடந்தவர். பெரியப்பாவின் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்று அழுதார்கள். யார் சொன்னதிலும் பொய் இல்லை. நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய்வந்த கடைசிச் சில வருடங்களைப் பற்றி அங்கே யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை விட்டுவிட்டுச் சொன்னால் அது பெரியம்மா இல்லை. யாரோ ஒரு நல்ல மனுஷி.

அவர் என் அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பாவுக்குப் பல்லடம் ரோட்டில் சொந்தமாக ஒரு பனியன் கம்பெனி. படிப்பு முடித்த கையோடு நான் அங்கே மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, சரக்கு தாமதமானால் திட்டு வாங்குவது, இவை என் வேலை. சர்க்கரையில் பெரியப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால் வண்டி ஓட்டுவது முழுக்கப் பெரியம்மாதான். சாயப்பட்டறை, பிரிண்டிங், பையரின் ஆபீஸ் என்று எங்கே போனாலும் இங்கிலீஷ் பேச ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொள்வார்.

ஒதுங்குவதில் அவருக்கு இணையாக ஒருவரை நான் பார்த்ததில்லை. கம்பெனி ஆரம்பித்த காலத்தில் கட்டிங் முடிந்த துணிக்கட்டுகளை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு போவாராம். பின்னால் பஸ் சத்தம் கேட்டாலே தாரை விட்டு மண்ணில் இறங்கி, காலை ஊன்றி நின்று, பஸ் போன பிறகுதான் மறுபடி ஏறுவாராம். அப்புறம் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்தது. அதிலும் அப்படித்தான். முக்கு ரோட்டில் தனக்கு வழி இருந்தாலும் நின்றுவிடுவார். குறுக்கே வந்து விழுந்தவனைப் பார்த்தும் இவர்தான் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்பார். சைக்கிள்காரனுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டிருந்தால் தீபாவளிச் சரக்கு பொங்கலுக்குத்தான் போய்ச் சேரும் என்று பெரியப்பா பின்சீட்டிலிருந்து கேலி பேசுவார். பெரியம்மா சிரித்துக்கொள்வார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம், வளர்ந்தால் இப்படி வளர வேண்டும் என்று தோன்றும்.

ஒருநாள் பாக்கெட் துணி எடுக்கச் சோமனூர் போய்விட்டு நாங்கள் இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். பல்லடத்தை நெருங்கும்போது ஒரு தனியார் பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரனை அழுத்தியபடியே வந்தது. பெரியம்மா வழக்கம்போல இடப்பக்கம் ஒதுங்கினார். பஸ் பாதி தாண்டியதும் சட்டென்று எங்கள் பக்கம் ஒடித்தது. இன்னும் ஒதுங்கினார். கார் கோழிப்பண்ணை வேலிக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பஸ் நிற்கவில்லை. பின்படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர், வீட்டில் சோறாக்குவதை விட்டுவிட்டு இதெல்லாம் உனக்குத் தேவையா என்கிற மாதிரி ஏதோ கத்திவிட்டுப் போனான். எங்களுக்கு அடி எதுவும் இல்லை. பண்ணையில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன்கள் ஓடிவந்து காரைத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும், தமிழ் தெரியாதவர்களிடம், தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்று பெரியம்மா கை கூப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவிடம் சொன்னார். "இந்த வண்டியப் பாத்தா ஆருக்கும் வண்டியாவே தெரியறதில்லைங்க. என்னைக்காவது இந்தப் புள்ளையும் நானும் நசுங்கித்தான் போவோம்."

பெரிய வண்டி வந்தது அதனால்தான். பகட்டுக்காக வாங்கவில்லை, உயிருக்குப் பயந்து வாங்கியது. ஷோரூமில் டை கட்டிய ஒரு பையன், மோதினால் பலூன் எங்கெங்கே விரியும், கம்பி எவ்வளவு கனம் என்றெல்லாம் காட்டினான். கடைசியில், "உங்குளுக்கு ஒண்ணும் ஆவாதுங்க மேடம். எதுக்க வர்றவனுக்குத்தான் ஆகும்" என்றான். பெரியப்பா உரக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். பெரியம்மா மட்டும் சிரிக்காமல், மெய்யாலுமா என்று அவனைக் கேட்டார்.

கருப்பு நிறம். ஏறுவதற்குப் படி இருந்தது. சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பற்றித்தான் ஏற முடியும். முதல் சில வாரங்கள் பெரியம்மா அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலப் பயந்து பயந்து ஓட்டினார். பிறகு ஒரு காலையில் பல்லடம் முக்கில் வலப்பக்கத்திலிருந்து வந்த பஸ் ஒன்று எங்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து நின்றது. பெரியம்மா நம்பாமல் அதையே பார்த்தார். "பஸ்ஸு நிக்குது கண்ணு" என்றார். ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டு கம்பெனி வரும்வரை சிரித்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பள்ளத்தில் கிடந்த கோபம் என்னிடமும் மிச்சம் இருந்தது.

அதன்பின் கல்யாண மண்டபங்களில் செக்யூரிட்டி சல்யூட் அடித்து வாசலிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னான். பையர் ஆபீஸில் டிரைவர் வரவில்லையா என்று கேட்பது நின்றது.

எந்த நாளில் பெரியம்மா மாறினார் என்று என்னால் சுட்டிக் காட்ட முடியாது. முதலில் ஹாரன். தயங்கித் தயங்கி ஒருமுறை தொடுபவர், உள்ளங்கையை அதன் மேலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். பிறகு பட்டப்பகலில் முன்விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பது. பிறகு முன்னால் போகிற வண்டியின் முதுகில் போய் ஒட்டிக்கொள்வது. நான் காலை ஊன்றி சீட்டில் பின்னுக்குச் சாய்வேன். மெதுவாகப் போகலாமே என்று சொன்னால், அவர்களே நகர்ந்துகொள்வார்கள் என்பார். அதைக் கோபமாகச் சொல்லமாட்டார். வெயில் அடித்தால் துணி காயும் என்பதுபோலச் சொல்வார். அவர்களும் நகர்ந்துகொள்ளத்தான் செய்தார்கள்.

வீட்டில் அதே பெரியம்மாதான். வேலைக்காரம்மாவுக்கு முதலில் காபி கொடுத்துவிட்டுத்தான் தான் குடிப்பார். கம்பெனியில் ஒரு பீஸ் கெட்டுப்போனாலும் தைத்த பெண்ணைத் தனியாக அழைத்துத்தான் சொல்வார். வண்டிக் கதவு சாத்துகிற அந்த மெத்தென்ற சத்தத்துக்கு உள்ளேதான் வேறொருவர்.

மழை பெய்த ஒரு சாயங்காலம், ஷிப்டு விட்டு ஜனங்கள் ரோட்டோரம் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். தேங்கி நின்ற தண்ணீரில் பெரியம்மா வேகத்தைக் குறைக்காமல் போனார். சேறு அலையாக எழுந்து அவர்கள் மேல் விழுந்ததை நான் ஜன்னலில் பார்த்தேன். அவர்களில் எங்கள் செக்கிங் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் திரும்பி வண்டியைப் பார்த்தபோது நான் கீழே விழுந்த போனைத் தேடுகிறவள்போல சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டேன். மறுநாள் அவள் வழக்கம்போலச் சிரித்து குட்மார்னிங் சொன்னாள். துவைத்தும் போகாத கறையோடு அதே சுடிதார்.

பெரியம்மாவிடம் சொன்னேன். உண்மையாகவே பதறிப்போனார். உயரத்திலிருந்து தனக்கு அது தெரியவே இல்லை என்றார். அவளை அழைத்து ஒரு புதுச் சுடிதார் கொடுத்தார். அவள் வாங்கத் தயங்கியபோது கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார். அன்று சாயங்காலமும் மழை. அதே இடத்தில் அதே வேகத்தில்தான் போனார்.

குண்டடத்தில் பெரியம்மாவின் அண்ணன் மகளுக்குச் சீர். ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இருவரும் கிளம்பினோம். பல்லடம் தாண்டி வெகுதூரம் போன பிறகு எங்களுக்கு முன்னால் ஒரு மொபெட். ஒருவர் ஓட்ட, பின்னால் அவர் மனைவி மடியில் சாப்பாடு கொண்டுபோகும் தூக்குப்போசி ஒன்றை வைத்து ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே லாரிகள் வந்துகொண்டே இருந்ததால் தாண்ட முடியவில்லை. பெரியம்மா அவர்களுக்கு மிக அருகில் போய் ஹாரனில் கையை வைத்தார். நான் அப்போது, எங்கள் கம்பெனிக்கு வந்த வெளிநாட்டு பையர் மிளகாய் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் பட்ட பாட்டை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஹாரனை அழுத்திக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அடுத்த கணம் மொபெட் தாரை விட்டு இறங்கியது. அந்த இடத்தில் தாருக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் இறக்கம். முன்சக்கரம் மடங்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். நாங்கள் அவர்களைக் கடந்து போய்விட்டோம். "நிறுத்துங்க பெரியம்மா" என்று நான் சொல்லி, அவர் நிறுத்தும்போது கொஞ்சதூரம் ஆகியிருந்தது.

ஓடிவந்து பார்த்தபோது அந்த மனிதர் தன் மனைவியைத் தூக்கி உட்கார வைத்திருந்தார். அவளுடைய வலது மணிக்கட்டு இருக்கக்கூடாத விதத்தில் திரும்பியிருந்தது. பட்டுச்சேலையோடு நாங்கள் வருவதைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. பின்னாடி வண்டி வந்தது தெரியாமப் போச்சு."

பெரியம்மா மண்ணில் குழம்பு சிந்திக் கிடந்த தூக்குப்போசியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அவர்களை எங்கள் வண்டியிலேயே பல்லடத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தோம். ஏறும்போது அந்த மனிதர், மண்ணும் குழம்பும் சீட்டில் ஒட்டிக்கொள்ளும், பழைய பேப்பர் ஏதாவது இருந்தால் விரித்துக்கொள்கிறோம் என்று கேட்டார். வேண்டாம் என்று நான் எவ்வளவு சொன்னாலும் அந்தப் பெண் சீட்டின் நுனியில்தான் உட்கார்ந்து வந்தாள். பாதி சிந்திய தூக்குப்போசியை நல்ல கையால் பிடித்திருந்தாள். குண்டடத்துப் பக்கம் தோட்டத்தில் வேலை பார்க்கும் தங்கைக்கு மீன்குழம்பு கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்கள் ராமநாதபுரத்துப் பக்கம். திருப்பூருக்கு வந்து பனியன் வேலைக்கு நின்றவர்கள். அவள் துணியின் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷின் ஓட்டும் டெய்லர்.

எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். நாங்களாகத்தான் விழுந்தோம் என்றார் அந்த மனிதர். பெரியம்மா பக்கத்திலேயே தூக்குப்போசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

விஷயம் தெரிந்து பெரியப்பா ஒரு வாடகைக் காரில் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற எங்கள் வண்டியைச் சுற்றி வந்து, மங்கிய கண்ணை இடுக்கி, முன்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கீறல் கூட இல்லை. அவர் முகம் தெளிந்தது. உள்ளே போய்ச் செலவை ஏற்றுக்கொண்டார். அந்த மனிதர் அதற்கும் கை கூப்பினார். சீர் வீட்டிலிருந்து போன் போட்ட சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான், வண்டி பட்டதா இல்லையா. படவில்லை என்றதும், அப்புறம் என்ன, நிறுத்தி உதவி செய்தாளே, அதுவே பெரிசு என்றார்கள்.

பெரியம்மா சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். ஒருநாள் பெரியப்பாவுக்குத் தட்டு வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டு, "நான்தானுங்க அவங்களத் தள்ளிப்போட்டேன்" என்றார்.

"படாம எப்படிப் புள்ள தள்ளுவ?" என்று கேட்டுவிட்டுப் பெரியப்பா சோற்றைப் பிசைந்தார்.

பழியை வாங்கிக்கொள்ளப் பெரியம்மா தயாராக இருந்தும் கொடுக்க ஊரில் ஆளில்லை. அதனால்தான் அவர்கள் வீடு எங்கே என்று என்னை விசாரிக்கச் சொன்னார். பல்லடத்திலேயே, வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடு ஒன்று. வண்டியை எடுக்காமல் ஆட்டோவில் போனோம். கணவர் வேலைக்குப் போயிருந்தார். அவள் மட்டும் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா அவள் எதிரில் வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"நான் வேணும்னேதான் கிட்டக்க வந்தேன் கண்ணு. நீங்க உழுவீங்கன்னு நெனைக்கல. ஒதுங்கிக்குவீங்கன்னு நெனச்சேன்."

அந்தப் பெண் கட்டுப்போட்ட கையைத் தலையணையில் நகர்த்தி வைத்தாள். "தெரியும்மா. திரும்பிப் பாத்தேன்ல. நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீக."

நான் அவசரமாக, உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வேறு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம் என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலம் என்று உறைத்தது. அவர்களைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடப் பார்த்ததாகவாவது இருந்திருக்கும்.

அந்தப் பெண், இருக்கும் என்று மட்டும் சொன்னாள். அவள் எங்களைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. நாங்கள் கிளம்பும்போது பெரியம்மாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"இத எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிறாதீகம்மா. தான் ஓட்டுனதுதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. ஒங்க மேலன்னு தெரிஞ்சா கோவம் வரும். கோவப்பட்டு நாங்க என்னத்தச் செய்ய?"

பெரியம்மா அதை மீறவில்லை. கை கூடும்வரை வாரம் தவறாமல் ஏதாவது சமைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்வந்தார். அந்த மனிதர் இருக்கும்போது போனால், உங்களை மாதிரி யாரம்மா நிறுத்திப் பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். தன்னால்தான் அவளுக்கு இப்படி ஆகிவிட்டது என்று தலையைக் குனிந்துகொள்வார். ஆட்டோவில் திரும்பும்போது பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வருவார். எலும்பு கூடியது, ஆனால் பழைய வேகம் வரவில்லை. அவளை ஓவர்லாக்கிலிருந்து எடுத்து, துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்பிசிறு வெட்டுகிற, கூலி குறைந்த வேலையில் போட்டுவிட்டார்கள். பெரியம்மாவின் சாவுக்கு அவள் கணவர் மாலையோடு வந்திருந்தார். அவள் வரவில்லை.

பெரிய வண்டியை விற்றுவிடலாம் என்று பெரியம்மா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். விற்றால் நாமே தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், பார்க்கிறவர்களும் கம்பெனி நொடித்துவிட்டது என்பார்கள் என்று பெரியப்பா மறுத்துவிட்டார். ஆகவே பெரியம்மா அதையே ஓட்டினார். ஹாரனைத் தொடுவதில்லை. முன்னால் போகிறவருக்கும் தனக்கும் நடுவில் இன்னொரு லாரி நிற்குமளவுக்கு இடம் விடுவார். பின்னால் வருகிறவர்கள் கத்தினாலும் பொருட்படுத்தமாட்டார்.

அப்படித்தான் ஒரு பகலில் பிரிண்டிங் பட்டறையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். முன்னால் ஒருவர் மொபெட்டில் பனியன் வேஸ்ட் மூட்டையைக் கட்டிக்கொண்டு மெதுவாகப் போனார். தூரம் விட்டு, அவர் வேகத்திலேயே பெரியம்மா பின்தொடர்ந்தார். எங்களுக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. மொபெட்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு தாரை விட்டு மண்ணில் இறங்கி, காலை ஊன்றி நின்று, போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

பெரியம்மாவும் வண்டியை நிறுத்திவிட்டார். அவர்தான் வழி விட்டுவிட்டாரே, போங்கள் என்றேன்.

"நான் ஆரனே அடிக்கலியே கண்ணு" என்றார்.

கதவைத் திறந்து, சேலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அவரை நோக்கி நடந்தார். நீங்கள் முதலில் போங்கள் என்று சொல்வதற்காகத்தான் போனார். ஆனால் அவ்வளவு பெரிய வண்டியிலிருந்து ஒருத்தர் இறங்கித் தன்னிடம் நடந்து வருவதைப் பார்த்ததும் அந்த மனிதர் மொபெட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"ஏனுங்கம்மா, நான் ஒண்ணும் பண்ணலீங்களே?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க போங்க."

"இல்லீங்கம்மா, நீங்க போங்க. நான் அப்பறமேட்டுப் போய்க்கறேன்."

அவர் போகவில்லை. பெரியம்மா மண்ணில் நின்றுகொண்டே இருந்தார். பின்னால் வந்த பஸ் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில் திரும்பி வந்தவர் ஓட்டுகிற பக்கம் ஏறவில்லை. என் பக்கத்துக் கதவைத் திறந்து, என்னை ஓட்டச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை.

நான் இடம் மாறி உட்கார்ந்து சீட்டைச் சரிசெய்துகொண்டு கிளப்பினேன். கொஞ்சதூரம் போனதும் பெரியம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடியே பேசினார்.

"மொபெட்லயும் சின்ன வண்டிலயும் நான் ஒதுங்கிப் போனது நல்ல மனசுனு நெனச்சுட்டு இருந்தேன் கண்ணு. பயந்துட்டுத்தான் ஒதுங்கியிருக்கறன்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தெரிந்த பெரியம்மாவை நினைத்துப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அந்த வண்டியை நான் ஓட்டியது அதுதான் முதல்முறை. அவ்வளவு உயரத்திலிருந்து ரோடு வெகுதூரம் தெரிந்தது. நான் ஹாரன் அடிக்கவில்லை, யாரையும் நெருங்கவில்லை. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டே இருந்தார்கள்.